வாய் நிறைய பீடா

பாட்னாவில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஹேம்காந்த் ஜாவைத் தெரியாமல் இருக்காது. 'கூற்றும் அனுமானமும்' என்ற ஒரே பகுதியை நடத்தியே காலத்தை ஓட்டியவர். ஒருவர் ஒன்றைச் சொன்னால், சொல்லாமலே எதை நம்பிக்கொண்டு சொல்கிறார் என்று தோண்டி எடுப்பதுதான் அவர் வித்தை. அது வகுப்போடு நின்றிருந்தால் வம்பில்லை.

"சார், பால் எவ்வளவு கெட்டி பாருங்க, தண்ணியே கலக்கல" என்றார் பால்காரர்.

"கெட்டியா இருந்தா தண்ணி கலக்கலன்னு அர்த்தமா? தண்ணியும் கலந்து, மாவும் கலந்திருந்தா?"

பால்காரர் அந்தத் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். பெண் வீட்டாரும் அப்படித்தான். "எங்க பொண்ணு அடக்கமானவ, குடும்பம் நல்லா நடக்கும்" என்று தெரியாத்தனமாகச் சொன்ன ஒருவர், மதியம்வரை பாடம் கேட்டுவிட்டு ஓடினார். ஹேம்காந்துக்கு நாற்பது நெருங்கிவிட்டது. தானே சமைத்து, தானே சாப்பிட்டு, வாதாட ஆளில்லாமல் படுக்கிற மனிதரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

மதுபனியிலிருந்து பூர்ணேந்து மிஸ்ரா தன் மகளுக்காக மாப்பிள்ளை பார்க்க வந்தார். ஹேம்காந்தின் அக்கா விபா தட்டு நிறைய பீடாவோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பௌவா, என் தம்பி, இது கடைசி வரன். வாயத் திறந்தே, நான் இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்."

"கடைசின்னு எத வெச்சு தீதி..."

அதற்குள் ஒரு பீடாவைத் திணித்துவிட்டாள். மைதிலி வீட்டில் வரன் பேசும்போது நீட்டிய பீடாவை மறுக்க முடியாது. மென்றுகொண்டே பேசவும் முடியாது. அரை மணி நேரம் ஹேம்காந்த் தலையை மட்டும் ஆட்டினார்.

மிஸ்ராவுக்குப் பரம திருப்தி. "மாப்பிள்ளை வாயே திறக்கல. பெரியவங்ககிட்ட எவ்வளவு மரியாதை!" என்று தானும் ஒரு பீடாவைப் போட்டுக்கொண்டார்.

ஹேம்காந்துக்கு வேர்த்தது. தாங்க முடியாமல் வாயில் இருந்ததை அப்படியே விழுங்கினார்.

"பேசலன்னா மரியாதைன்னு நீங்களா எப்படி எடுத்துக்கிட்டீங்க? பல்வலியா இருக்கலாம். உங்ககிட்டப் பேசி என்ன ஆகப்போகுதுன்னு இருக்கலாம்!"

மிஸ்ராவின் முகம் சிவந்தது, கன்னம் உப்பியது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார்.

"போச்சு!" விபா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு தீதி. நானே கெடுத்துக்கிட்டேன்." ஹேம்காந்த் நிஜமாகவே அழுதார்.

வாயைத் துடைத்துக்கொண்டு மிஸ்ரா உள்ளே வந்தார். "யாருக்குக் கோவம்? துப்பப் போனேன். எழுந்து போனா கோவம்னு நீங்களா எடுத்துக்கிட்டீங்களே, வாத்தியாரே?"

ஹேம்காந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பொண்ணு ஆபாவும் உங்கள மாதிரிதான். வந்தவங்களையெல்லாம் கேள்வி கேட்டே விரட்டிட்டா. உங்களப் பத்திக் கேள்விப்பட்டு, போய்ப் பாருங்கன்னு அவதான் என்னை அனுப்பினா. சொல்லுங்க, பொண்ணப் புடிச்சிருக்கா?"

ஹேம்காந்த் பெண்ணைப் பார்த்ததே இல்லை. எப்பேர்ப்பட்ட அனுமானம்! விபா பதறிப்போய் அடுத்த பீடாவைக் கையில் எடுத்தாள்.

அது தேவைப்படவில்லை. ஹேம்காந்த் வெறும் வாயோடு தலையாட்டினார்.