இருக்கிறது, எரியவில்லை

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேட்டரி அக்காவின் கை சுவிட்சுக்குப் போய்விடும். பட்டப்பகலாக இருந்தாலும் சரி, துக்க வீடாக இருந்தாலும் சரி. விளக்கு எரிந்தால்தான் "நல்லா இருக்கியா?" என்று கேட்பாள். எரியாவிட்டால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது; முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூரையில் ஏறிவிடுவாள்.

மின்கம்பி எட்டிப் பார்க்காத அந்த ஊரில் வீடு வீடாகச் சூரிய விளக்கு போட்ட திட்டம், அக்காவுக்கு மூன்று மாதப் பயிற்சியும் ஒரு பையும் கொடுத்தது. திட்டத்தின் புத்தக அட்டையில் சிரிப்பதும் அவள்தான். படம் எடுத்தவர் சொன்னபடி, சூரியத் தகட்டின் கண்ணாடி மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "கண்ணாடியில எந்த மடையன் ஸ்க்ரூ முடுக்குவான்? ஊரு உலகம் பூரா என்னைக் கோமாளியாக்கிட்டாங்க" என்று அதைக் காட்டிக் காட்டித் திட்டுவாள். கிழித்துப் போடவும் மனமில்லை, பையிலேயே வைத்திருக்கிறாள்.

பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் உதிரி பாகம் அனுப்ப மறந்துவிட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அக்கா ஏழு கடிதம் போட்டாள். பதிலுக்கு அதே அட்டையோடு இன்னொரு புத்தகம் வந்தது.

ஆஸ்பத்திரிப் பிரசவ அறையின் பேட்டரி வயிறு ஊதிச் செத்து நான்கு மாதமாகிறது. நர்ஸ் செல்போன் வெளிச்சத்தில் பிரசவம் பார்க்கிறாள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் போனைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். போன மாதம் ஒருத்திக்குத் தையல் கோணிப்போய், பிரித்து மறுபடி போட்டார்கள். இந்த மாதம் அக்காவின் தம்பி பெண்டாட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது. "வாயில போனை வச்சுக்கிட்டு நர்சம்மா எப்படி 'முக்கு'ன்னு சொல்லுவா? சொல்லுங்க பாப்போம்" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துக் கேட்கிறாள்.

நேற்றுக் காலை திட்ட அதிகாரி கணக்கெடுக்க வந்தார். ஜீப்பில் உட்கார்ந்தபடியே கூரைகளை அண்ணாந்து பார்த்து, தகடு தெரிந்த இடமெல்லாம் 'இருக்கிறது' என்று குறித்துக்கொண்டே போனார். ஆஸ்பத்திரிக்கும் அப்படியே குறித்துவிட்டு, பராமரிப்பாளர் கையெழுத்துக்காக அக்காவிடம் தாளை நீட்டினார்.

"சார், தகடு இருக்கு. விளக்கு எரியலை."

"எரியலைன்னு எழுத இதுல கட்டமே இல்லையேம்மா. இருக்கா, இல்லையா, ரெண்டுதான்."

"இருக்குன்னு போட்டா புது பேட்டரி வருமா?"

"அதான் இருக்கே, அப்புறம் எதுக்கு வரும்?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை. "உள்ள வாங்க சார், கையெழுத்துப் போடறேன்" என்று பிரசவ அறைக்குக் கூட்டிப்போனாள். நர்ஸும் பின்னாலேயே வந்து நின்றாள். வழக்கம்போல முதலில் சுவிட்சைத் தட்டினாள் அக்கா. ஒன்றும் எரியவில்லை. பிறகு ஜன்னல் பலகையைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள். காலை பத்து மணிக்கு அறை இருண்டுபோனது.

"இப்ப நீங்களே எழுதுங்க சார், எரியலைன்னு. கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க. அப்புறம் நான் போடறேன்."

அதிகாரி இருட்டில் தடவித் தடவித் தன் செல்போனை எடுத்து வெளிச்சம் போட்டார். ஒரு கையில் தாள், ஒரு கையில் போன். பேனா பிடிக்கக் கையில்லை. அக்கா போனை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.