சித்தி வண்டி தூக்கிய காலை

எங்கள் சித்தி ஒரு வண்டியைத் தூக்கப் போகிறாள் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமை இரவு நான் தூங்கியிருக்கவே மாட்டேன். குளச்சலுக்குப் போய் மீன் வாங்கி வருகிறோம் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு.

சித்தி என் அம்மாவின் தங்கை. தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. அவளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தவர் குளச்சலில் மீன் ஏற்றிப்போகும் தொழிலில் இருந்தார். சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தால் முன்னேறிவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். சம்பளச் சீட்டு சித்தியிடம் இருந்ததால் தவணைக் கடன் அவள் பெயருக்கு வந்தது, வண்டி அவர் கைக்குப் போயிற்று. சித்திக்கு அதில் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்ததும் அவர்தான். பிறகு கல்யாணம் முறிந்தது. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரைச் சித்தப்பா என்று கூப்பிட என்னைப் பழக்கியவர்களே ஒரே வாரத்தில் 'அந்த ஆளு' என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்த ஆளு தவணை கட்டுவதையும் நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால், பைனான்ஸ்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். வண்டியை எடுத்து விற்றாலும், விலை போதாவிட்டால் மிச்சத்தைச் சித்திதான் கட்டவேண்டும் என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். நாலு பேரோடு போய்ப் பேசலாம் என்றார் அப்பா. அந்த நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் நேரம் அமையவே இல்லை.

நாங்கள் போய் இறங்கிய அந்தச் சனிக்கிழமை காலை, குளச்சலில் மீன் ஏலம் உச்சத்தில் இருந்தது. ஏலக்கூடத்துக்கு வெளியே அந்த நீல லோடு வண்டி நின்றது. சித்தி கைப்பையிலிருந்து வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்தாள். நான் கதவுப் பக்கம் ஓடினேன். அவளோ முதலில் பின்னால் இருந்த மீன் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி ஓரமாக அடுக்கினாள்.

"சீக்கிரம் வா சித்தி!"

"அவனுக்க பெட்டி நமக்கு வேண்டாம் மக்கா. நீ சாடி ஏறு!"

எஞ்சின் ஒருமுறை அணைந்து, மறுமுறை உறுமியது. "வண்டிய எடுக்கிறாவ!" என்று யாரோ கத்தினார்கள். அந்த ஆளு லுங்கியை மடித்துக்கட்டியபடி ஓடி வந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "வாறாரு! வாறாரு!" என்று பந்தயம் பார்ப்பவள்போலக் கூவினேன். வெளிவாசலில் ஒரு ஐஸ் தள்ளுவண்டி குறுக்கே நிற்க, சித்தி பிரேக் போட்டாள். அவர் வந்து கதவைப் பிடித்தார்.

சித்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆர்.சி. எம் பேர்ல இருக்கு. கடனும் எம் பேர்ல. நானே ஓட்டி அடைச்சுக்கிடுவேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. இறக்கி வைத்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ரெண்டாவது கியர் இப்போ சட்டுன்னு விழாது. கிளட்ச முழுசா மிதிச்சுப் போடு" என்றார். ஐஸ் வண்டியைத் தானே தள்ளி வழிவிட்டார்.

வீடு வந்ததும் தெருவே கூடிவிட்டது. அன்றுமுதல் சித்தி கடைக்குப் போகுமுன் வாழைத்தார் ஏற்றி இறக்கி, தவணையை ஒவ்வொன்றாகக் கட்டினாள். கடைசித் தவணை முடிந்த அன்று எங்கள் எல்லோருக்கும் பிரியாணி.

அதெல்லாம் பிறகு. அன்று வழியெல்லாம் நான் சீட்டில் குதித்துக்கொண்டே வந்தேன். திங்கள்சந்தை தாண்டியதும் சித்தி வண்டியை ஓரம் கட்டி, ஷாலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"நாமதான ஜெயிச்சோம். பொறவு என்னத்துக்குச் சித்தி அழுக?"

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்துக் கியரைப் போட்டாள். பயத்தில்தான் அந்த ஆளு கியர் விஷயத்தை உளறிவிட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.