அண்ணனின் காரில் பிள்ளையார் விளக்கு

அண்ணனின் இறுதிச் சடங்குக்காக லண்டனிலிருந்து கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்திருக்கிறேன். காலைக் குளிரில் மூக்கு மயிர்கூட உறைந்து குத்துகிறது. அண்ணியை ஏற்றிக்கொண்டு அண்ணனின் காரிலேயே புறப்பட வேண்டும். எஞ்சினைக் கிளப்பத் திறப்பைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும்தான். இந்த ஊரில் சாவுக்குப் போகவும் கார் வேண்டியிருக்கிறது.

மேல்மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை தன் காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு காரின் பெற்றரிகளுக்கும் வயர் கொழுவ வருகிறார்.

"பெற்றரி முழுக்க இறங்கிப் போச்சு, தம்பி. உள்ளுக்கை ஏதும் எரிஞ்சுகொண்டு கிடந்ததோ?"

"பிள்ளையார் லைற்," என்கிறார் அண்ணி. "இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்குப் போட்டனான். வீட்டை வருமட்டும் நூராமல் எரியட்டும் எண்டு."

மேல்மாடி அண்ணை தலையைக் குனிந்துகொண்டு வயரைக் கொழுவுகிறார். எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிள்ளையார்தான் பளிச்சென்று எரிகிறார்.

அண்ணி கையை நீட்டி விளக்கின் வயரைப் பிடுங்குகிறார்.

"இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ, தம்பி."