பார்த்துட்டுச் சொல்றேன்

உத்திரமேரூர்ப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தபோது அங்கே இருந்த நூலகர், எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஒல்லியான மனிதர். ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அது அச்சான வருஷத்தை அவர்களையே படிக்கச் சொல்வார். அதன் பிறகுதான் பக்கத்தைத் திருப்புவார். காஞ்சிபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட, "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கிளம்பிவிடுவார். ஆசிரியர்கள் அறையில் இதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தவன் நான்தான்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "தெரிஞ்சதைச் சொல்றதுக்கு என்ன சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாத்தியார் டிரெயினிங்குக்கு மனு போடக் கடைசி தேதி இன்னான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு சார். பேப்பர் பக்கத்துலயே இருந்துச்சு. எடுத்துப் பாக்காம, நெனப்புல இருந்த போன வருஷத்துத் தேதிய சொல்லிட்டேன். இந்த வருஷம் முன்னாடியே முடிஞ்சிபோச்சு. இப்ப மானாம்பதில நாத்து நட்டுக்கினு கீது."

"உங்களைத் திட்டுச்சா?"

"திட்டியிருந்தா தேவலையே. சைக்கிள்ல அந்தப் பக்கம் போனா, நிறுத்தி இன்னும் எதனா கேக்குது சார். நான் சொல்றத அப்படியே நம்புது."

மறுநாள் ஆசிரியர்கள் அறையில் வேறொருவர் அவரைப் போல நடித்துக் காட்டினார். என்னிடம் கற்றுக்கொண்டதுதான். எல்லோரும் சிரித்தார்கள்.