அக்கா எண்ணிய மூச்சு

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் அப்போது வெளிநாட்டுச் சாமான் என்றால் தனி மதிப்பு. சவூதியிலிருந்து என் கணவர் ஆள் மூலம் அனுப்பிய இருமல் மருந்தும் அலமாரியில் சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் கௌரவமாக நின்றது. என் எட்டு மாதப் பையன் மூன்று நாளாகச் சளியும் காய்ச்சலுமாக அழுதுகொண்டே இருந்தான். பெரியவர்கள் குடிக்கிற மருந்து அது. அரை ஸ்பூன்தானே என்று ஊற்றிவிட்டேன். அழுகை நின்றது, தூங்கிவிட்டான். எனக்குப் பெருமை வேறு.

கொஞ்ச நேரத்தில், அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா வந்தார். என் மாமியார்தான் சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தைகளின் சளி, இருமலைப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் அக்காவுக்குப் பயிற்சியும் ஒரு மருந்துப் பெட்டியும் கொடுத்திருந்தார்கள். எட்டாவது படித்தவர் டாக்டராகிவிட்டாரா என்று நான் கிண்டலடித்ததுண்டு.

அவர் பையனின் சட்டையைத் தூக்கி, கையிலிருந்த பிளாஸ்டிக் வாட்சையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்து, உதடு அசைய மூச்சை எண்ணினார். சவூதி மருந்து கொடுத்ததை நான் பெருமையாகச் சொல்லச் சொல்ல, ஒரு நிமிஷம் முடியும்வரை எண்ணிக்கொண்டே இருந்தார். அறுபத்தாறு என்றார். இந்த வயதில் ஐம்பதைத் தொட்டாலே ஆபத்தாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவதை என் விரலை வைத்துக் காட்டினார்.

பெட்டியில்தான் மாத்திரை இருக்கிறதே, கொடுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"என் மாத்திரை இதுக்குப் பத்தாதும்மா. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவே. நீ குடுத்த பாட்டிலையும் எடுத்துக்க."

தன் கைக்கு மீறியதை இவ்வளவு தைரியமாகச் சொன்ன ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. யாருடைய ஜாக்கெட்டோ பாதியில் கிடக்க, அவரும் பஸ்ஸில் கூடவே வந்தார். வழியெல்லாம் அவர் கண் அந்தக் குழியில்தான். பாட்டிலைப் பார்த்த டாக்டர், பச்சைப்பிள்ளையை மயக்கிப்போடுகிற மருந்து இது என்று என்னைத் திட்டத் தொடங்கியபோது, தெரியாமல் செய்துவிட்டாள், முதலில் பிள்ளையைப் பாருங்கள் சார் என்று குறுக்கே வந்ததும் அவர்தான்.

ஆக்சிஜனும் ஊசியுமாக ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் அவன் சத்தமில்லாமல் கிடந்தான். எனக்கு உயிரே இல்லை.

வீடு திரும்பிய மறுநாள் அக்கா மூச்சு எண்ண வந்தார். சட்டையைத் தூக்கியதும் பையன் வீறிட்டான். அழும்போது எண்ணினால் தப்பாக வரும், அடங்கட்டும் என்று காத்திருந்தார். மாமியார் கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அழுவட்டும் மாமி," என்றேன். அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போலிருந்தது.