சோலையம்மாள் வாங்கிய துரும்பு

என் மகள் திண்டுக்கல் லைப்ரரியிலிருந்து நாவல் எடுத்து வந்து என் மதினிக்கு வாசித்துக் காட்டுவாள். எல்லாம் ஒரே கதைதான். முதல் புருசனிடம் சீரழிந்தவளுக்கு ஒரு நல்லவன் வந்து சேருவான். கடைசிப் பக்கத்தில் மாலை மாற்றிக்கொள்வார்கள். யாருக்கும் ஒரு பல்கூட விழாது. மதினி அதைக் கேட்டுவிட்டு முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து சிரிப்பாள். எனக்குத்தான் எரிச்சலாக வரும். அவள் கதையை எழுத ஒருத்தனுக்கும் துப்பில்லை. போகட்டும், நான் சொல்கிறேன்.

மதினியின் பெயர் சோலையம்மாள். சாணார்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஐம்பத்தாறில் அவளை மாட்டுத் தரகன் நாச்சிமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குழம்பில் உப்புக் குறைந்தால் அடி, கூடினால் அடி. சந்தையில் மாடு விலை போகாத நாளில் மாட்டை அடிக்கும் சாட்டையாலேயே அடிப்பான். மூன்றாம் வருசம் உலக்கையால் போட்ட போட்டில் இடது முழங்கை உடைந்தது. வைத்தியரிடம் போகவும் விடவில்லை. அது கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கையோடு ஐந்து மைல் நடந்து அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

எங்கள் சனத்தில் அறுத்துவிட்டு வேறு கட்டிக்கொள்வது குற்றமில்லை. அதற்கு ஒரு முறை உண்டு. ஊர் பார்க்கப் புருசன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்டாட்டியிடம் கொடுக்க வேண்டும். அவள் கையில் வாங்கிவிட்டால் பந்தம் முடிந்தது. அவன் கொடுக்காதவரை அவள் எங்கே இருந்தாலும் அவன் பெண்டாட்டிதான். ஊர்க்கூட்டம் மூன்று தடவை கூடியது. மூன்று தடவையும் நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "துரும்பு தரமாட்டேன். கெடந்து சாகட்டும்" என்று எழுந்து போனான்.

அப்பன் தோட்டத்தில் மல்லிகை இருந்தது. விடிந்ததும் பூவைப் பறித்துக் கூடையில் கட்டி ரோட்டுக்கு எடுத்து வருவாள். டவுன் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன் என் அண்ணன் மலைச்சாமி. பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவன், அதிகம் பேசமாட்டான். யாருக்காகவும் வண்டியை விட்டு இறங்காதவன் இவளுக்கு மட்டும் இறங்கிக் கூடையைத் தூக்கி வைப்பான்.

"பாவம் பாத்துத் தூக்குறதா இருந்தா வேணாம்" என்றாளாம் ஒருநாள்.

"பாவமெல்லாம் இல்ல. செத்த நேரம் ஒங்கூட நிக்கலாமேன்னுதேன்" என்றானாம் அண்ணன்.

அம்புட்டுதான் அவர்கள் காதல். அடுத்த ஆறு மாதம் கூடையை ஏற்ற ஆன நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

நாச்சிமுத்துவுக்கு விசயம் எட்டியது. அறுபது ஆடியில் நடுரோட்டில் வண்டியை மறித்து அண்ணன் கழுத்துக்கு அரிவாளை வீசினான். அண்ணன் வலது கையால் தடுத்தான். கழுத்து தப்பியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மண்ணில் விழுந்தன. கூடை கவிழ்ந்து பூவெல்லாம் ரத்தம். அன்றைக்கு வண்டியில் கூட வந்த நான்தான் என் சேலையைக் கிழித்துக் கையைக் கட்டி, அதே வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சோலையம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். "எங்கண்ணனுக்கு நீ பொண்டாட்டியா? நாளைக்கே தாலி கட்டுனாலும் நாத்தனா முடிச்சுப் போட என் கை வராதுடி!" என்று கத்தினேன். அவள் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. அண்ணன் வீடு திரும்பும்வரை தினமும் கஞ்சி கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்து உள்ளே கொடுத்தேன், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து ஜெயிலுக்குப் போனான். ஒரு வருசம் கழித்துத் திரும்பி வந்தான். அறுபத்திரண்டு தை மாதம், ஊரே களத்தில் சூடடித்துக்கொண்டிருந்தது. உச்சி வெயில். அண்ணன் டவுன் மார்க்கெட்டுக்கு வண்டியோடு போயிருந்தான். ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் அம்பலகாரர் வேப்பமரத்தடியில் நின்று நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து நேராக வந்து சோலையம்மாளின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்தான்.

"வாடி வீட்டுக்கு! எவன் வந்து தடுக்கிறான்னு பாக்குறேன்!"

முகத்தில் குத்தினான். முன்பல் இரண்டும் தெறித்தன. வைக்கோல்மேல் தள்ளி இடுப்பில் மிதித்தான். கோணல் கையைத் தேடிப்பிடித்து அதன்மேல் ஏறி நின்றான். இத்தனை ஆம்பிளைகள் இருந்தும் ஒருத்தன் நகரவில்லை. அவன் பெண்டாட்டி, அவன் அடிக்கிறான் என்று நின்றார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

அவள் அழவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "கொல்லு. ஆனா ஒம்பொண்டாட்டியாச் சாக மாட்டேன். துரும்பக் குடுத்துட்டுக் கொல்லு."

"துரும்பா கேக்குற? இந்தா, தின்னுடீ!"

கை நிறைய வைக்கோலை அள்ளி அவள் வாய்க்குள் திணித்தான். மூச்சு முட்டிக் கண் பிதுங்கியது. அந்த நிலையிலும் அவள் வலது கை மேலே வந்தது. அவன் பிடியிலிருந்து ஒரு துரும்பை உருவி, ரத்தத்தோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். வாயில் இருந்த வைக்கோலைத் துப்பிவிட்டுக் கத்தினாள்:

"குடுத்துட்டான்! வாங்கிட்டேன்! எல்லாரும் பாத்தீகள்ல!"

களம் அப்படியே நின்றது. நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. துரும்பைப் பிடுங்கப் பாய்ந்தான். என் கையில் வைக்கோல் உதறும் கவைக்கம்பு இருந்தது. அவன் மணிக்கட்டில் இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பொய் எதற்கு, சந்தோசமாக இருந்தது.

அம்பலகாரர் தாடையைச் சொறிந்தார். "கோவத்துல குடுத்தது எப்படிம்மா செல்லும்?"

"கோவத்துலதேன் எங்கண்ணன் வெரல வெட்டுனான். அது திரும்ப ஒட்டிக்கிருச்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "குடுத்தது அவன் கை. வாங்குனது இவ கை. பாத்தது ஊரு. அத்துப்போச்சு. ஏலே, இவன ஊரெல்லைக்கு வெளியில கொண்டுபோய் விடுங்கடா" என்றார். அதன்பிறகுதான் ஆம்பிளைகளுக்குக் கால் முளைத்தது.

வைகாசியில் அய்யனார் கோயிலில் கல்யாணம். அண்ணன் தாலிக்கயிற்றை அவள் கழுத்தில் சுற்றினான். மூன்று விரல் கையில் கயிறு நிற்கவில்லை. நழுவியது. மறுபடி சுற்றினான், மறுபடி நழுவியது. பெண்கள் குசுகுசுத்தார்கள். அண்ணன் நெற்றியெல்லாம் வேர்வை. சோலையம்மாள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்னது அவளுக்கு எப்படி மறக்கும்?

நான் எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன்.

"தலைய இன்னுங் கொஞ்சம் குனிங்க மதினி" என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. உலக்கைக்கும் அரிவாளுக்கும் அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். அண்ணன் மிச்சமிருந்த விரல்களால் கயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டான். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டியது, மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. மூன்றையும் நான்தான் போட்டேன்.