ஃபெர்மி ஒத்துக்கொண்ட தப்பு

ஓலோட் ஊரில் சுவர்ப்பூச்சு வேலை பார்க்கும் ஃபெர்மிக்கு அறுபத்தோரு வயது. வேலையில் படு சுத்தம். ஆனால் தப்பு செய்தேன் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. வழி தவறி வேறு ஊருக்குப் போய்விட்டால் சாலையை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பார்.

அந்த வருடம் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு அவர் மனைவி ரெமெய் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். திருநாளுக்குப் பனெலெட் செய்வது அவள்தான்; வெந்த உருளைக்கிழங்கும் பாதாம் பொடியும் சர்க்கரையும் பிசைந்து, மேலே பைன் பருப்பு ஒட்டிச் சுடுகிற உருண்டை அது. அவளுடைய தங்கை அசும்ப்தா, "இந்த வாட்டி கடையில வாங்கிக்கலாம் மாமா" என்றாள்.

"நாப்பது வருஷமா சுவத்துல பூசுறேன். உருண்டையில பைன் பருப்பு ஒட்டத் தெரியாதா எனக்கு?"

திருநாளுக்கு முதல் நாள் மதியம் ஃபெர்மி அடுப்படியில் இறங்கினார். மாவுக்கட்டுக் கையோடு ரெமெய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உருளைக்கிழங்கு ஆறட்டுங்க."

"சூடா இருந்தாத்தான் கலவை பிடிக்கும்."

பாதாம் பொடியோடு சூடான கிழங்கு சேர்ந்ததும் மாவு தளர்ந்தது. கலவை தளர்ந்தால் உலர்ந்த சரக்கைக் கொட்டுவது அவர் தொழில் வழக்கம். சர்க்கரையைக் கொட்டினார்.

"ஐயோ, சர்க்கரை போட்டா இன்னும் இளகும்."

"நீ சும்மா இரு."

பைன் பருப்பு ஒட்டிய நாற்பது உருண்டைகள் அடுப்புக்குள் போயின. வெளியே வந்தது ஒரே ஒரு பலகை. தட்டின் நான்கு மூலையும் அடைத்துக்கொண்டு, அவர் பூசிய எந்தச் சுவரையும் விட மட்டம் பிசகாமல் இருந்தது.

ஐந்து மணிக்கு அசும்ப்தாவும் அவள் கணவன் எலோயும் வந்துவிட்டார்கள். அடுப்பின் மேல் பழி, கிழங்கின் மேல் பழி, இரண்டையும் ஃபெர்மி தயாராக வைத்திருந்தார். ஆனால் ரெமெய் இடது கையால் மேசையில் சிதறிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"தப்பு என்னோடதுதான். இவ சொன்னா, நான் கேக்கல."

ரெமெய் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அசும்ப்தா குரலைத் தாழ்த்தி, "நெஞ்சு கிஞ்சு வலிக்குதா மாமா?" என்றாள். எலோய் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா."

"அவரே தப்புன்னு ஒத்துக்கிறாருன்னா ஏதோ இருக்கு" என்றாள் அசும்ப்தா.

ரெமெய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பலகையைக் கையாலேயே பிய்த்து, சுட்ட செஸ்ட்நட் கொட்டையோடும் இனிப்பு ஒயினோடும் நால்வரும் தின்று தீர்த்தார்கள். ருசியில் குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ வைக்கப் போனபோது, அசும்ப்தா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அவர் உடம்பை விசாரித்தார்கள். பேக்கரிக்கார ஒனோஃப்ரே மட்டும் உடம்பைக் கேட்கவில்லை.

"ஃபெர்மி, இந்த மனசு மாறுறதுக்குள்ள எங்க குளியலறைல நீங்க பூசின சுவத்த ஒரு தடவை வந்து பாத்துடுங்க. மூணு வருஷமா ஒழுகுது."

ஃபெர்மி சாமந்திக் கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பக்கத்தில் நின்ற ரெமெய் கல்லறைக் கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை வரேன்" என்றார் ஃபெர்மி.